வாழைக்கன்னு நடுறதுக்கு முன்னாடியே முடிக்கொத்து வைரஸ் இருக்கான்னு தங்கத் துகள் வச்சு பாக்க முடியுமா?

தாண்டிக்குடி_பையன் (எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு)

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க ஐடில இருக்கேன், பயாலஜி படிச்சது ப்ளஸ் டூ வரைக்கும்தான், தப்பா ஏதும் கேட்டா திருத்துங்க. ஊர்ல (கொடைக்கானல் மலைல தாண்டிக்குடி) அப்பா காபிக்கும் மிளகுக்கும் ஊடால மலைவாழை போட்டிருக்கார், பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போடுற அதே விருப்பாச்சி. போன வருஷம் தெரிஞ்சவர் தோட்டத்துல இருந்து 400 கன்னு வாங்கி நட்டார், ஒவ்வொண்ணும் நல்ல ஈட்டிக் கன்னு, பாத்தா ஒரு குறை சொல்ல முடியாது. அஞ்சாம் மாசம் புது இலையெல்லாம் குட்டையா குறுகலா நிமிந்து உச்சியில கொத்தா நிக்க ஆரம்பிச்சுது. மட்டையத் திருப்பிப் பாத்தா கரும்பச்சையில புள்ளியும் கோடுமா, தந்தி அடிச்ச மாதிரி. முடிக்கொத்து. குருத்துல மண்ணெண்ணெய் ஊத்தி, வைரசைப் பரப்புற அசுவினிப் பூச்சியைக் கொன்னுட்டு கிழங்கோட தோண்டி எடுத்தோம், 150 மரம் போச்சு, அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

இப்ப ஒரு வீடியோ பாத்தேன், சின்ன ட்யூப்ல சிவப்பா ஒரு தண்ணி, அதுல சாம்பிள் விட்டா நீலமா மாறுது, தங்க நானோ துகளாம், டிஎன்ஏ இருந்தா பத்து நிமிஷத்துல கலர் மாறுமாம், மெஷினே வேண்டாமாம். இது நெஜமா? நெஜம்னா கன்னு வாங்குறப்பவே தாய்மரத்துல ஒரு துண்டு இலை எடுத்து தோட்டத்துலயே டெஸ்ட் பண்ணிட்டு வாங்கலாமே, ஏன் யாரும் பண்றதில்ல?

கவிதா_யெலஹங்கா

தம்பி, அப்பா கதையப் படிச்சு மனசு கஷ்டமா போச்சு. நான் தங்கத் துகள்லதான் ஆறு வருஷமா வேலை பாக்குறேன், தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

வீடியோல பாத்தது நெஜம்தான். தங்கத்தை 13 நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கினா அது மஞ்சளா இருக்காது, ஒயின் மாதிரி செவப்பு. செய்யறதும் சுலபம், தங்க உப்புக் கரைசலைக் கொதிக்க விட்டு அதுல சோடியம் சிட்ரேட்டை ஒரே மூச்சுல ஊத்தணும், இளமஞ்சள் போய் நிறமே இல்லாம ஆகும், அப்புறம் மை விட்ட மாதிரி கறுக்கும், அதுல இருந்து ஊதா, கடைசில சிவப்பு, எல்லாம் சில நிமிஷத்துக்குள்ள. எத்தனை தடவை செஞ்சாலும் அந்த கறுப்புல இருந்து சிவப்பு வர்ற நேரத்துல ஃபிளாஸ்கை விட்டு கண்ணை எடுக்க முடியல எனக்கு. (1857ல ஃபாரடே செஞ்ச தங்கக் கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல இன்னும் செவப்பா இருக்கு.)

துகளுக்கு மேல சிட்ரேட் உக்காந்து எல்லாத்துக்கும் நெகட்டிவ் சார்ஜ் கொடுக்குது, அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளி விட்டுட்டு தனித்தனியா மெதக்குது. அதுல உப்பு போட்டா தள்ளுற சக்தி மங்கிப் போகும், துகள்கள் ஒட்டிக்கும், ஒட்டினா நீலம். அவ்வளவுதான் மொத்த வித்தையும். டிஎன்ஏவை இதுக்குள்ள ரெண்டு விதமா கொண்டு வரலாம்.

ஒண்ணு, 1996ல அமெரிக்கால மிர்கின் குழு காட்டினது. துகள் மேலயே சின்ன டிஎன்ஏ இழையை கந்தகப் பிடிப்பால ஒட்ட வச்சுடறது, நாம தேடுற டிஎன்ஏ வந்தா அது ரெண்டு துகளுக்கு நடுவுல பாலம் மாதிரி கோத்துக்கும், துகள்கள் கிட்ட வரும், நீலம். இன்னொண்ணு 2004ல லி, ராத்பர்க் ரெண்டு பேரும் சொன்னது, துகள் மேல எதுவும் ஒட்ட வேண்டாம். ஒத்தை இழை டிஎன்ஏ அவுத்து விட்ட தலைமுடி மாதிரி, வளைஞ்சு நெளிஞ்சு தங்கத்து மேல படிஞ்சுக்கும், படிஞ்சா அதுவே கவசம், உப்பு போட்டாலும் செவப்பாவே இருக்கும். ரெட்டை இழை இறுக்கிப் பின்னின ஜடை மாதிரி, விறைப்பா இருக்கும், ஒட்டுற பகுதி உள்ள திரும்பியிருக்கும், தங்கத்துல படியாது. வைரசுக்குப் பொருந்துற ஒரு குட்டி இழையை சாம்பிளோட கலக்குவாங்க, வைரஸ் இருந்தா அது போய் வைரசோட பின்னிக்கும், தங்கத்துக்குக் கவசம் இல்லாம போகும், உப்பு போட்டா நீலம். வைரஸ் இல்லன்னா இழை தங்கத்துல படிஞ்சு செவப்பா நிக்கும்.

கார்த்தி_ஹெப்பால்

சூப்பர் விளக்கம் அக்கா. அப்ப பிரச்சனை என்ன? 2020லயே கொரோனாவுக்கு இப்படி பத்து நிமிஷத்துல கண்ணால பாக்குற டெஸ்ட் அமெரிக்கால பண்ணிட்டாங்களே, பேப்பர் நான் பாத்திருக்கேன். நம்ம ஊர்ல மட்டும் எதுக்கெடுத்தாலும் பிசிஆர் பிசிஆர்னு, டிஎன்ஏவைப் பெருக்கிப் பாக்க லட்சக்கணக்குல மெஷின் வாங்கச் சொல்றாங்க. தங்கம் விலை அதிகம்னு விட்டுட்டாங்களா? நாலு பேர் சேந்தா வீகெண்ட்ல செஞ்சு பாத்துடலாம் போல இருக்கு.

கவிதா_யெலஹங்கா

தங்கம் விலை இங்க ஒரு விஷயமே இல்ல கார்த்தி. ஒரு டெஸ்டுக்கு 100 மைக்ரோலிட்டர் கரைசல்னு வச்சா அதுல இருக்குற தங்கம் மூணு மைக்ரோகிராம் தேறும், ஒரு கிராம் தங்கத்துல மூணு லட்சத்துக்கு மேல டெஸ்ட் வரும், கிராம் பதினஞ்சாயிரம்னு போட்டாலும் டெஸ்டுக்கு அஞ்சு பைசா தாண்டாது. காசு போறதெல்லாம் டிஎன்ஏவைப் பெருக்குற என்சைமுக்கும், பெருக்கலைத் தொடங்கி வைக்கிற ப்ரைமர்ங்கிற குட்டி டிஎன்ஏ இழைக்கும்தான்.

பிரச்சனை எண்ணிக்கைல இருக்கு. நீங்க சொல்ற கொரோனா வேலை நல்ல வேலை, நான் குறை சொல்லல. அவங்க கண்டுபிடிக்க முடிஞ்ச குறைஞ்ச அளவு ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.18 நானோகிராம் ஆர்என்ஏ (கொரோனாவுக்கு மரபுப் பொருள் டிஎன்ஏ இல்ல, ஆர்என்ஏ). கேட்க கடுகளவு மாதிரி இருக்கும். ஆனா கொரோனா ஆர்என்ஏ நீளம் சுமார் 30,000 எழுத்து, கணக்கு போட்டுப் பாருங்க, 0.18 நானோகிராம்னா சுமார் ஒரு கோடி பிரதி. ஒரு மைக்ரோலிட்டர்ல ஒரு கோடி! பிசிஆர் பத்து, நூறு பிரதி இருந்தாலே பிடிச்சுடும்.

ஏன் இப்படின்னா, கண்ணுக்கு செவப்பு தெரியணும்னா அந்த 100 மைக்ரோலிட்டர்ல சுமார் 12,000 கோடி துகள் இருந்தாகணும். கலர் மாறணும்னா அதுல பெரும்பகுதி ஒட்டணும். ஆயிரம் வைரஸ் வந்து 12,000 கோடி துகளை எப்படி ஒட்ட வைக்கும்? தேர் இழுக்க ஊரே வரணும், ஒரு தெருக்காரங்க வந்தா நகராது.

அதனால முதல்ல வைரஸ் டிஎன்ஏவைப் பெருக்கணும், தங்கம் அப்புறம்தான். பெருக்கறதுக்கு பிசிஆரே வேணும்னு இல்ல, லாம்ப்னு ஒண்ணு இருக்கு, 2000ல ஜப்பான்காரங்க கொண்டு வந்தது, 60ல இருந்து 65 டிகிரி ஒரே சூட்டுல அரை மணில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள கோடிக்கணக்குல பெருக்கிடும். சூடேத்தி ஆத்தி சூடேத்தி ஆத்தின்னு மெஷின் வேண்டாம், சூடு நிக்கிற வெந்நீர் ப்ளாஸ்கும் தெர்மாமீட்டரும் இருந்தா போதும், அதுவும் அடிக்கடி பாத்து வெந்நீர் ஊத்தினா.

செல்வி_சிவாஜிநகர்

நான் எம்எஸ்சி ப்ராஜெக்ட் இதே டாபிக்தான் பண்ணினேன், அதனால மனசுல இருக்கிறதைக் கொட்டிடறேன். காலேஜ் பேர் வேண்டாம்.

மூணு மாசம் கலர் மாறுது கலர் மாறுதுன்னு சந்தோஷமா இருந்தோம், பாசிட்டிவ் ட்யூப் எல்லாம் நீலம், ஃபோட்டோ எடுத்து ரிப்போர்ட்ல கூட ஒட்டியாச்சு. ஒரு நாள் ஜூனியர் பொண்ணு ஒருத்தி டிஎன்ஏ போட மறந்துட்டா, பிசிஆருக்கு ஊத்துற உப்புக் கரைசல், அந்த பஃபரை மட்டும் ஊத்தியிருக்கா, அதுவும் நீலம். அப்பதான் உறைச்சுது, பஃபர்லயே 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு இருக்கு, மெக்னீசியம் வேற இருக்கு, மெக்னீசியம் கொஞ்சம் போதும் தங்கத்தை ஒட்ட வைக்க. நாங்க மூணு மாசமா கண்டுபிடிச்சது உப்பை. அன்னைக்கு ஹாஸ்டல்ல உக்காந்து அழுதேன்.

இன்னொரு பக்கம் இதுக்கு நேர் எதிரும் நடக்கும், சாம்பிள்ல புரதம் இருந்தா அது தங்கத்து மேல போர்வை மாதிரி படிஞ்சுடும், அப்புறம் எவ்வளவு உப்பு போட்டாலும் செவப்புதான், வைரஸ் இருந்தாலும் செவப்புதான். ஒரே டெஸ்ட் ரெண்டு பக்கமும் பொய் சொல்லும். அப்புறம் ஒரு கொடுமை, லாம்ப் முடிஞ்ச ட்யூபைத் திறந்து அதே மேஜைல தங்கம் கலந்தோம், ரெண்டே வாரத்துல வெறும் தண்ணி வச்ச ட்யூப் கூட பாசிட்டிவ் வர ஆரம்பிச்சுது, பெருகின டிஎன்ஏ காத்துல பைப்பெட்ல மேஜைலன்னு எல்லா இடத்துலயும் படிஞ்சுடுச்சு. பைப்பெட், மேஜை எல்லாம் ப்ளீச்சிங் போட்டுத் துடைச்சு, ரீஏஜென்ட் எல்லாம் கொட்டிட்டு புதுசா வாங்கி, வேற ரூமுக்குப் போனப்புறம்தான் சரியாச்சு.

அண்ணா நீங்க தோட்டத்துல செய்யறதா இருந்தா தயவுசெஞ்சு இதை மனசுல வச்சுக்கோங்க. கலர் மாறினா மட்டும் நம்பாதீங்க, எதனால மாறுச்சுன்னு தெரியணும்.

முருகன்_ஜாலஹள்ளி

பாப்பா சொன்னது நூத்துக்கு நூறு. நான் டயக்னாஸ்டிக் கிட் தயாரிக்கிற கம்பெனில 30 வருஷம் இருந்து ரிட்டயர்டு ஆனவன், ஸ்ட்ரிப் செக்ஷன். ட்யூப்ல கலர் பாக்குறதை விட எனக்கு ஸ்ட்ரிப் மேலதான் நம்பிக்கை, காரணம் சொல்றேன்.

மெடிக்கல்ல வாங்குற கொரோனா கிட், கர்ப்ப டெஸ்ட் இதுல எல்லாம் வர்ற ரோஸ் கலர் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான், நிறைய பேருக்குத் தெரியாது. அங்க துகள் ஒட்டிக்கிட்டு நீலமாக வேண்டியதில்ல, செவப்பாவே ஓடி வந்து ஒரு கோட்டுல பிடிபட்டு சேருது, சேர்ந்தா கோடு தெரியுது. உப்பு கூட இருந்தாலும் தாங்குற மாதிரி துகள் மேல ஆன்டிபாடி, புரதம் எல்லாம் முன்னாடியே பூசிடுவோம். டிஎன்ஏவுக்கு செய்யறப்ப பெருக்குற இழையோட ஒரு முனைல பயோட்டின்னு ஒரு வைட்டமின், மறுமுனைல ஃபாம்னு ஒரு ஒளிரும் சாயம். தங்கத்துல ஃபாமைப் பிடிக்கிற ஆன்டிபாடி, டெஸ்ட் கோட்டுல பயோட்டினைப் பிடிக்கிற ஸ்ட்ரெப்டாவிடின்ங்கிற புரதம். ரெண்டு முனையும் ஒரே இழைல இருந்தாத்தான் கோடு விழும். அதுக்கு மேல கன்ட்ரோல் கோடு, அது விழலைன்னா அந்த ஸ்ட்ரிப்பே செல்லாது.

வேலைல இருந்தப்ப மழைக்காலம்னா எங்களுக்குத் தூக்கம் போயிடும், ஈரம் ஏறினா நைட்ரோசெல்லுலோஸ் தாள்ல ஓட்டம் மாறிடும், கோடு பட்டை பட்டையா படரும். கொடைக்கானல் மலை ஈரத்துல தம்பி ஸ்ட்ரிப்பை உறையைப் பிரிச்சு வெளிய வைக்கவே கூடாது, பிரிச்ச உடனே போட்டுடணும், அரை மணிக்கு அப்புறம் பாத்தா அது கணக்குல இல்ல.

கார்த்தி தம்பி, மெஷின்னு சொன்னாலே பெருசுன்னு நெனைக்காதீங்க. நம்ம பெங்களூர் பிக்டெக் கம்பெனில உருவான ட்ரூநாட் பேட்டரில ஓடுற குட்டி பிசிஆர், டிபிக்கு 2020ல உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கிட்டாங்க. எது எங்க பொருந்துதோ அதை எடுத்துக்கணும்.

கவிதா_யெலஹங்கா

முருகன் சார் சொன்னதுல ஒரு சின்ன சேர்க்கை மட்டும். லாம்ப்ல ஒரு ப்ரைமர்ல சாயம், இன்னொரு ப்ரைமர்ல பயோட்டின்னு ஒட்டி விட்டா சில சமயம் ப்ரைமரும் ப்ரைமரும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டே பொய்க்கோடு போட்டுடும். அதனால ஒரு ப்ரைமர்ல பயோட்டின் மட்டும் வச்சு, சாயத்தை நடுப்பகுதிக்கு மட்டும் பொருந்துற தனி இழைல வைக்கிறது பாதுகாப்பு. அப்ப வைரஸ் எழுத்து வரிசை நெஜமா இருந்தாத்தான் கோடு.

டெல்லிவாசி_ஆர்கேபுரம்

நான் டெல்லில இருந்து படிக்கிறேன். 2020ல இங்க ஐஜிஐபிங்கிற மரபணு ஆராய்ச்சி நிலையத்துல ஃபெலூடான்னு ஒரு டெஸ்ட் பண்ணாங்களே, சௌவிக் மைதி, தேபஜ்யோதி சக்ரவர்த்தி குழு, குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்கிற கேஸ்9ங்கிற கிரிஸ்பர் என்சைம் வச்சு, ரிசல்ட் ஸ்ட்ரிப்லதான் வரும். அப்ப பக்கத்து ஃப்ளாட்காரர் எல்லாம் பேப்பர்லயே கொரோனா தெரியுமாம்னு பேசிக்கிட்டாங்க. ஆனா அதுலயும் ஸ்ட்ரிப்புக்கு முன்னாடி ஒரு பெருக்கல் ஸ்டெப் இருந்துச்சு, அதை யாரும் பேசல. கவிதா மேடம் சொன்ன எண்ணிக்கை கணக்கைப் படிச்சப்பதான் எனக்கு அது ஏன்னு புரிஞ்சுது, நன்றி.

தாண்டிக்குடி_பையன்

எல்லார் பதிலையும் ரெண்டு தடவை படிச்சேன், ராத்திரி அப்பாகிட்ட ஃபோன்ல பாதி படிச்சும் காட்டினேன். தேர் உதாரணம் அவருக்கு உடனே புரிஞ்சுது. அவர் திருப்பிக் கேட்ட கேள்வி இது: "இலையில இருந்து அந்த டிஎன்ஏவை எப்படிடா வெளிய எடுப்பாங்க, வாழைச்சாறு பட்டா வேட்டியிலயே கறை போகாது, அந்தச் சின்ன ட்யூப்ல என்ன பண்ணும்?"

கவிதா_யெலஹங்கா

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க, நிறைய பேர் கோட்டை விடுற இடத்துல நேரா கை வச்சுட்டார். வேட்டியில கறை பிடிக்க வைக்கிற அந்தப் பொருள்கள்தான், டேனின், பாலிஃபீனால், எல்லாம் டிஎன்ஏவோட ஒட்டிக்கும், பெருக்குற என்சைமை முடக்கும், தங்கத்துக்கு மேலயும் படியும். சாறை நேரா தங்கத்துல விட்டா வர்ற கலருக்கு அர்த்தமே இல்ல. அதனால நானோ துகளுக்கு இங்க இன்னொரு வேலை இருக்கு, என் கணிப்புல தங்கத்தை விட முக்கியமான வேலை.

இரும்பு ஆக்சைடு துகள், மேல சிலிக்கா பூச்சு. இலைத்துண்டை குவானிடின் உப்புக் கரைசல்ல நசுக்கினா செல் உடைஞ்சு டிஎன்ஏ வெளிய வரும், அந்த உப்புல டிஎன்ஏ சிலிக்கா மேல ஒட்டும். ட்யூப் பக்கத்துல காந்தம் வச்சா காபி டிகாக்ஷன் மாதிரி இருந்த கரைசல்ல இருந்து பழுப்புத் துகள் எல்லாம் ஒரு சுவத்துப் பக்கம் கோடு மாதிரி போய் ஒட்டிக்கும், ஒரு நிமிஷம் கூட ஆகாது. சாறை உறிஞ்சி வெளிய விட்டுட்டு, எத்தனால்ல ரெண்டு தடவை கழுவி, காய விட்டு, கொஞ்சம் தண்ணி விட்டா சுத்தமான டிஎன்ஏ. சென்ட்ரிஃபியூஜ் வேண்டாம், கரன்ட் வேண்டாம். காந்தத்துக்கு நான் எஸ்பி ரோட்டுல பழைய ஹார்டு டிஸ்க் பிரிக்கிற கடைல வாங்கின நியோடிமியம் துண்டுதான் லேப்ல வச்சிருக்கேன், இன்னும் அதே காந்தம் ஓடுது.

இதை விட எளிசாவும் ஒரு வழி இருக்கு, 2017ல ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து குழு வடிதாளை மெழுகு பூசின குச்சி மாதிரி வெட்டி, சாறுல தோச்சு, கழுவுற கரைசல்ல தோச்சு, நேரா பெருக்கல் ட்யூப்ல தோச்சு, 30 செகண்டுக்குள்ள முடிச்சுக் காட்டினாங்க. வாழைக்கு எவ்வளவு தூரம் சரியா வரும்னு நாம செஞ்சு பாத்துத்தான் சொல்லணும்.

கார்த்தி_ஹெப்பால்

அக்கா நான் முன்னாடி அவசரப்பட்டு பேசிட்டேன், எண்ணிக்கை கணக்கை நானே ஒரு தடவை போட்டுப் பாத்தேன், சரியா வருது. ஒரு டவுட், எந்த இலைல எடுக்கணும்? எங்க எடுத்தாலும் வைரஸ் இருக்குமா?

கவிதா_யெலஹங்கா

இருக்காது. இந்த வைரஸ் சத்து ஓடுற குழாய்த் திசுல மட்டும் வாழுது, அதனால இலை ஓரத்துல எடுக்காம கடைசியா விரிஞ்ச இலையோட நடு நரம்பு, மட்டைல எடுங்க. முடிக்கொத்து வைரஸ் வட்டமான ஒத்தை இழை டிஎன்ஏ, ஆறு தனித்தனி துண்டு, ஒவ்வொண்ணும் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. பரவுறது அசுவினியாலயும் நோய்க் கன்னாலயும்தான், வெட்டுற கத்தியால பரவாது.

வாழைல இன்னொரு வைரஸ் இருக்கு, ஸ்ட்ரீக் வைரஸ், அதோட டிஎன்ஏ துண்டு சில வாழை ரகத்தோட சொந்த மரபணுக்குள்ளயே தச்சு வச்ச மாதிரி இருக்கும், அங்க நல்ல மரத்துக்கும் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும். முடிக்கொத்துல அந்தத் தொல்லை இல்ல. அதனாலதான் இதுக்கு டிஎன்ஏ டெஸ்ட் செய்யறது அர்த்தமுள்ள வேலைன்னு நம்புறேன்.

தம்பி, நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் சனிக்கிழமை அன்னைக்கு உங்களோட தாண்டிக்குடி வரத் தயார், செல்வியும் வந்தா நல்லது. கன்னையோ இலையையோ பெங்களூர் கொண்டு வர வேண்டாம், அசுவினி ஒட்டிட்டு வரும், குவானிடின் ட்யூப் நான் எடுத்துட்டு வர்றேன், தோட்டத்துலயே நசுக்கி அடைச்சுடலாம். 20 தாய்மரம் போதும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு துண்டு எடுப்போம், ஒண்ணு நமக்கு, இன்னொண்ணு திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்கு, அங்க பிசிஆர்ல பாத்து வர்ற ரிசல்ட்டோட நம்ம ஸ்ட்ரிப் ஒத்துப் போகலைன்னா அப்பா அதை நம்பி ஒரு கன்னு கூட வாங்கக்கூடாது.

முருகன்_ஜாலஹள்ளி

நானும் வர்றேன்மா, ஸ்ட்ரிப் படிக்க கண்ணு இன்னும் நல்லா இருக்கு. ட்யூப் வரிசை போடுறப்ப வெறும் தண்ணி ரெண்டு, டிஷ்யூ கல்ச்சர் நல்ல வாழை ரெண்டு, நோய் உறுதியான மரம் ரெண்டு கட்டாயம் வேணும். அதுல வெறும் தண்ணியும் நல்ல வாழையும் எதுன்னு ஸ்ட்ரிப் படிக்கிற எனக்குத் தெரியக்கூடாது, நம்பர் மட்டும் போடுங்க.

செல்வி_சிவாஜிநகர்

நான் கண்டிப்பா வர்றேன். பெருக்கல் நடக்குறது வீட்டுக்குள்ள, ட்யூபைத் திறந்து ஸ்ட்ரிப் போடுறது வெளிய தோட்டத்துல, ரெண்டுக்கும் வேற வேற பைப்பெட். இதுல மட்டும் யாரும் விட்டுக் கொடுக்கக் கூடாது.

தாண்டிக்குடி_பையன்

என்ன சொல்றதுன்னே தெரியல, முன்னபின்ன தெரியாத எனக்காக இத்தனை பேர். வெள்ளி ராத்திரி சில்க் போர்டுல இருந்து கார்ல கிளம்பலாம், விடிகாலைல வத்தலக்குண்டு, அங்க இருந்து மலை ஏறணும். அம்மா சமைச்சு வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க.

முருகன் சார் கேட்ட நோய் மரத்துக்கு அப்பாகிட்ட கேட்டேன். எல்லாத்தையும் தோண்டியாச்சு, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியா நின்ன ஒண்ணு மட்டும் நேத்துதான் கண்ணுல பட்டுச்சாம், தோண்டக் கடப்பாரையோட போனவர் உங்களுக்காக நிறுத்தி, மருந்தடிச்சு பழைய கொசுவலையைச் சுத்திக் கட்டி வச்சிருக்கார். "சனிக்கிழமை வரைக்கும்தான் விடுவேன், சாம்பிள் எடுத்த கையோட நானே தோண்டிடுவேன்"னு சொல்லச் சொன்னார்.